நிரப்பத் தேவையில்லாத கட்டம்

மார்ச் 3

அண்ணா,

கையால் உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நர்சிங் விடுதியில் இருந்தபோது எழுதியதுதான் கடைசி. இப்போது எழுதுவது பாசம் பொங்கியதால் இல்லை. என்னிடம் போனும் இல்லை, லேப்டாப்பும் இல்லை. திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு நான்கு பேர் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் இருந்த இன்டர்நெட் பெட்டியைக்கூட ஆணியோடு பிடுங்கினார்கள். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஈரத் தலையோடு அப்படியே நின்றேன். கூட வந்த பெண் போலீஸ், "தலையைத் துவட்டிக்கம்மா, சளி பிடிச்சிக்கப் போகுது" என்றாள். அந்த அக்கறையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி இன்டர்நெட்டில் 'மூன்றாம் மாடி' என்ற பெயரில் யாரோ எழுதுகிறார்கள் என்று போன மாதம் நீயே போனில் சொன்னாய். "யாரோ உங்க ஆளுதான், நெஞ்சுல தில்லு இருக்கு" என்று சிரித்தாய். அது நான்தான் அண்ணா. காலாவதியான டிரிப் பாட்டில்களின் மேல் புதுத் தேதி லேபிளை ஒட்டி குழந்தைகள் வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே வாரத்தில் ஏழு குழந்தைகளுக்கு, டிரிப் போட்ட அரை மணி நேரத்தில் குளிர் நடுக்கம். ஒரு பிள்ளையின் பல் கட்டிலில் மோதி உடைந்தது. மேலே வாயால் சொன்னேன், பிறகு எழுதியும் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த காகிதம் எந்த ஊருக்குப் போனதோ தெரியாது. அதற்கப்புறம்தான் பதினாறாம் தேதி படங்களோடு போட்டேன். மூன்றாம் நாளே புதுப் பாட்டில்கள் வந்து இறங்கின. நடுக்கம் நின்றது. ஆனால் நான் எழுதியது வதந்தியாம். புதுச் சட்டத்தில் வதந்திக்கு மூன்று வருஷம் ஜெயில். இப்போதைக்கு சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள், ஊரை விட்டுப் போகக் கூடாது.

என்னைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கண்டுபிடித்துச் சொல். இணைப்பின் வழியாக என்னைப் பிடித்திருக்க முடியாது. அது உன் ஊழியர் சலுகையில் வாங்கியது, உன் பெயரில், உன் வீட்டு விலாசத்தில் இருக்கிறது. தேடினால் முதலில் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பார்கள், நீயும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். அந்த தைரியத்தில்தான் நான் எழுதவே ஆரம்பித்தேன். ஆகவே ஆஸ்பத்திரிக்குள் இருந்துதான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வார்டில் என் கூட ஷிப்ட் பார்க்கும் நெட்டை ஒருத்திக்குத்தான் இது நான் என்று தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். யோசிக்கவே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் யோசிக்கிறேன்.

இது யாருடைய இணைப்பு என்று கேட்டு உங்கள் இன்டர்நெட் கம்பெனிக்கு வரும் அரசாங்க ஆணைகளுக்குப் பதில் எழுதும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நீ. உனக்குத் தெரியாத வழியா? விசாரித்து எழுது.

தங்கை

*

மார்ச் 9

அன்புள்ள சின்னு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கு ஏன் இந்த வேலை? சொல்ல வேண்டியதை மேலதிகாரியிடம் சொன்னாய், உன் கடமை முடிந்தது. அதற்கு மேல் முகமூடி போட்டுக்கொண்டு எழுதினால் எழுதுவது உண்மையாகவே இருந்தாலும் திருட்டுத்தனமாகத்தான் தெரியும். நீயே யோசித்துப் பார்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. ஒரு வக்கீலின் பெயரும் விலாசமும் இத்துடன் வைத்திருக்கிறேன், பொறுமையான மனிதர். மன்னிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தால் வழக்கு போடாமல் துறை நடவடிக்கையோடு முடித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். கௌரவம் பார்க்காதே.

யார் சொன்னார்கள் என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதை விடு. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தப் படங்களை நீயே எடுத்தாயா, வேறு யாராவது கொடுத்தார்களா? முழு விவரம் தெரிந்தால்தான் என்னால் ஏதாவது செய்ய முடியும். அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மார்ச் 14

அண்ணா,

மன்னிப்பா? யாரிடம், அந்தப் பல் உடைந்த பிள்ளையிடமா? வக்கீலின் விலாசத்துக்கு நன்றி. அவர் பொறுமையான மனிதர்தான், இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளேயே கூப்பிட்டார்.

நெட்டையிடம் கேட்டுவிட்டேன். சஸ்பென்ஷன் ஆர்டரின் நகலில் கையெழுத்துப் போடப் போனபோது வார்டு வாசலில் நின்றிருந்தாள். "என்னடி, திருப்தியா?" என்றேன். அவள் புரியாத மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. பெற்றவர்கள், ஆயாக்கள், டாக்டர்கள் எல்லோரும் நிற்க, "என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சவ இவதான்" என்று கத்தினேன். அவள் ஊசித் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்திருக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. படங்களை நான் எடுக்கவில்லை. எனக்கு மருந்து ஸ்டோரின் வாசற்படி தாண்டவே அனுமதி கிடையாது. ஜன்னலில் சீட்டை நீட்டினால் அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். எடுத்தது ஸ்டோர் அக்கா. அங்கே இருக்கும் மூன்று பேரில் கைக்குழந்தைக்காரி. புது லேபிளை நகத்தால் சுரண்டி, கீழே இருந்த பழைய தேதி தெரிகிற மாதிரி ஒவ்வொரு பெட்டியாகப் படம் பிடித்து அவள் வீட்டிலிருந்து அனுப்பினாள். ஒரே நாளில் தானாக அழிந்துபோகிற மாதிரி வைத்திருந்தோம், அதனால் என் போனில் எதுவும் கிடைக்காது. ஒப்பந்த வேலை அவளுக்கு. புருஷன் விட்டுவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. என்னையாவது சஸ்பெண்ட் செய்தார்கள், அவளை என்றால் நேராக உள்ளேதான். குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு ஆள் கிடையாது.

அவள் வீட்டு இணைப்பும் உங்கள் கம்பெனிதான், எண்ணைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன், பார்த்ததும் அதைக் கிழித்துப் போடு. அவள் பெயரில் ஏதாவது ஆணை வந்திருக்கிறதா என்று பார்த்து, 'வந்தது', 'வரவில்லை' என்று ஒற்றை வார்த்தை எழுது. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை அண்ணா. அவள் பெயர் வெளியே வரக் கூடாது. அது ஒன்றுதான் இப்போது என் கவலை.

தங்கை

*

மார்ச் 20

சின்னு,

வரவில்லை. கவலைப்படாதே.

உன் தோழியிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அவளாகத்தான் இருக்கும் என்று நீ எப்படி முடிவு செய்தாய்? வேறு எப்படியாவது தெரிந்திருக்கலாம் இல்லையா? எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிக்கிற பழக்கத்தை விடு.

வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன். என் கடிதங்களைப் படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்

*

மார்ச் 27

மதிப்புக்குரிய ஐயா,

இனி உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் இப்படித் தொடங்குகிறேன்.

நேற்று விசாரணை. கோப்பைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு என்று வக்கீல் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். கட்டை மேசை, மேலே டியூப் லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. நாற்பத்தோராவது பக்கம் உங்கள் கம்பெனி கொடுத்த பதில். இணைப்புதாரர் பெயர்: உங்கள் பெயர். விலாசம்: உங்கள் விலாசம். இது வரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'தேவைப்பட்டால் மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. அதில் பேனாவால் எழுதியிருந்தது: "பயன்படுத்துபவர் இணைப்புதாரரின் தங்கை. அரசு மருத்துவமனையில் செவிலியர். குழந்தைகள் வார்டு."

அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூலில் என் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த கை. தேதி பிப்ரவரி 22. கேட்டதைக் கொடுத்தாய் என்றால்கூட மனசு ஆறும். அவர்கள் கேட்கவே இல்லையே. குழந்தைகள் வார்டு என்று எதற்கு எழுதினாய்? தேடிக் களைத்துப் போய்விடுவார்கள் என்று பாவம் பார்த்தாயா?

அதை எழுதிவிட்டு, மார்ச் 9 அன்று 'யார் சொன்னார்கள் என்று தேடாதே' என்று எனக்குப் புத்தி சொன்னாய். உனக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். நெட்டை ஊசித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போன மாதிரியே என் கண்ணில் நிற்கிறது. நான் அவளைப் பார்த்துக் கத்தியது உனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் 'வேறு எப்படியாவது தெரிந்திருக்கலாம்' என்று எழுதுகிறாய். உன் வாயில் ஒரு உண்மை வர எத்தனை கடிதம் வேண்டும்?

கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறது.

*

ஏப்ரல் 2

சின்னு,

எப்படித் திட்டினாலும் சரி, ஒரு தடவை முழுதாகப் படி.

ஆணை வந்தபோது அது ஒரு இணைப்பு எண்ணும் நேரமும் மட்டும்தான். தினமும் இருபது முப்பது வரும். எண்ணைத் தட்டினேன், திரையில் என் பெயரே வந்தது.  பக்கத்து நாற்காலிக்காரரும் பார்த்துவிட்டார். ஒவ்வொரு பதிலிலும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவது ஆள் அவர். "என்ன சார், உங்க பேரு வருது?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அன்று சாயங்காலமே மேலாளர் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, "நீங்களா, உங்க வீட்டுல யாராவதா? நாளைக்குக் காலையில பதில் போகணும்" என்றார். சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் சொன்னால் சொன்னவருக்கும் அதே தண்டனை என்று ஆணையிலேயே போட்டிருக்கிறது. உனக்கு எப்படிப் போன் செய்வேன்?

வெறும் என் பெயரோடு அனுப்பியிருந்தால் அவர்கள் என் வீட்டுக்கு வந்திருப்பார்கள். பெரியவளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அண்ணி இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். இந்த வேலை போனால் என் வயதில் வேறு யார் கொடுப்பார்கள்? நீ தனி ஆள், உனக்கு யூனியன் இருக்கிறது, சமாளித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். குழந்தைகள் வார்டு என்று எழுதியது ஏன் என்று கேட்கிறாய். சத்தியமாக எனக்கே தெரியவில்லை. பதினெட்டு வருஷமாகப் படிவம் நிரப்பிய கை, கட்டம் காலியாக இருந்தால் நிற்காது.

இன்னொன்று. போன வருஷம் ஒருவன் பொய்ப் பெயரில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை ஐந்து மாதம் விரட்டினான், படத்தைப் போட்டு அசிங்கமாக எழுதினான். அவன் பெயரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உன்னிடம் சொன்னபோது "புண்ணியமா போகும் அண்ணா" என்றாய். அதே மேசை, அதே படிவம், அதே கை. முகம் காட்டாமல் எழுதுகிறவர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரிக்கிற உத்தியோகம் எனக்குக் கொடுக்கப்படவில்லை. நீயே யோசித்துப் பார்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அண்ணா,

யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணை விரட்டியவன் விஷயத்தில், அவள் அப்பா போலீசுக்குப் போனார், மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டு ஆணை வந்தது என்று நீதான் சொன்னாய். என் ஆணையில் யார் கையெழுத்து என்று கோப்பில் பார்த்தேன். சுகாதாரத் துறைச் செயலாளர். பாட்டிலை வாங்கியது அவர் துறை. நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவரே என் பெயரைக் கேட்கிறார், நீ எடுத்து நீட்டுகிறாய். ஒரே படிவம் என்றால் ஒரே நியாயம் ஆகிவிடுமா? என் பெயரைப் போட்டும் எழுதிப் பார்த்தேனே, முதல் காகிதத்தில். அது கிழிந்து குப்பைக்குத்தானே போனது. பெயர் இல்லாமல் எழுதியதுதான் பாட்டிலை மாற்றியது.

பயந்துவிட்டேன் என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் எனக்குப் பாதி கோபம் போயிருக்கும். நான் தினமும் பயந்தவர்களைப் பார்க்கிறவள். நீ பரீட்சையையும் மாத்திரையையும் இழுக்கிறாய்.

நெட்டை வீட்டுக்குப் போனேன். உள்ளே அவள் குரல் கேட்கிறது, அவள் பிள்ளை வந்து "அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்கிறான். வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இதெல்லாம் போகட்டும். எனக்கும் உனக்கும் இடையில் இப்போது ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. மார்ச் 14 அன்று உன்னை நம்பி ஸ்டோர் அக்காவைப் பற்றி எழுதினேன். புத்தி கெட்டுப் போய் எழுதினேன். அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு, பதிவுத் தபாலில். அவளைப் பற்றி உன் வாய் திறக்கக் கூடாது. அவள் குழந்தைக்கு இப்போதுதான் பதினோரு மாதம். இதையாவது செய்.

தங்கை

*

ஏப்ரல் 13

சின்னு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

எட்டாம் தேதி என்னைக் கூப்பிட்டார்கள். உறவுக்காரன் என்பதால் என் வாக்குமூலம் வேண்டும் என்று. அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, "உங்க தங்கச்சி ஸ்டோருக்குள்ள போகவே முடியாதே, அப்ப யார் எடுத்துக் கொடுத்திருப்பாங்க?" என்றார். நான் எதையும் சொல்ல நினைக்கவில்லை. "ஸ்டோர்ல யாரோ கொடுத்ததா எழுதியிருந்தா" என்று வந்துவிட்டது. சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். யார் என்று சொல்லவில்லை. நம்பு. ஆனால் எழுதியிருந்தாள் என்று சொன்னேனல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார். நீ எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் 24ஆம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

ஆகவே திருப்பி அனுப்ப முடியாது. எரித்தால் ஆதாரத்தை அழித்தேன் என்று என் மேல் வழக்கு வரும். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், எப்போது கதவைத் தட்டுவார்களோ என்று இருக்கிறது. ஸ்டோரில் மூன்று பேர்தான் என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. கைக்குழந்தை என்றும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்.

அண்ணன்

*

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலமும் குழந்தைகள் நலமும் அறிய ஆவல்.

மனசாட்சி உறுத்துவதால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 14 அன்று உங்களுக்கு எழுதிய கடிதத்தில், படங்களை ஸ்டோரில் வேலை செய்யும் பெண் கொடுத்ததாக எழுதியிருந்தேன். அது பொய். அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஆகாது. மருந்துச் சீட்டில் கையெழுத்து சரியில்லை என்று எல்லோர் முன்பும் என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பியவள். எப்படியும் என் கடிதங்கள் ஒரு நாள் யார் கையிலாவது சிக்கும், சிக்கினால் அவளும் மாட்டட்டும் என்ற கெட்ட எண்ணத்தில் அவள் தலையில் கட்டினேன். நான் இப்படிச் செய்யக்கூடியவள்தான். என் கூட வேலை பார்க்கும் தோழி மேல் வார்டு வாசலில் அபாண்டமாகப் பழி போட்டதை இருபது பேர் பார்த்திருக்கிறார்கள். அதுவும் பொய் என்று பிறகு தெரிந்தது. கேட்டால் சொல்வார்கள்.

படங்களை எடுத்தது நான்தான். பிப்ரவரி 11, வியாழக்கிழமை, பகல் டூட்டி. மூன்று மணிக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். சரக்கு வண்டி வந்திருந்ததால் மூன்று பேரும் பின்பக்கம் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே போய், லேபிள்களைச் சுரண்டி, பழைய போன் ஒன்றில் படம் எடுத்தேன். அந்தப் போனை உடைத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். அன்று நான் டூட்டியில் இருந்ததற்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. எனக்கு யாரும் உதவவில்லை. யாரும் தூண்டவும் இல்லை.

நீங்கள் என்னிடம் உண்மை கேட்டபோது சொல்லாததற்கு மன்னிக்கவும். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். என் மற்ற கடிதங்களையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிடுவீர்கள் என்று முழுமனதாக நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

*

ஏப்ரல் 30

சின்னு,

இதை அண்ணி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவள் முன்னாலேயே படித்துவிட்டுக் கிழித்துவிடு.

உன் கடிதத்தைப் பிரித்ததும் 'நலம், நலமறிய ஆவல்' என்று பார்த்தபோதே இது வேறு யாரோ படிப்பதற்காக எழுதியது என்று புரிந்தது. கோபத்தில் எழுதிய அந்த ஒரு தடவை தவிர என்னை நீங்கள் என்று நீ எழுதியதே இல்லை. பிப்ரவரி 11 என்ற தேதியை மூன்று தடவை வாசித்தேன். அன்று பகல் மூன்று மணிக்கு நீ எந்த ஸ்டோரிலும் இல்லை. என் குடல்வால் ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்த நேரம் அது. விடியற்காலை பஸ் பிடித்து வந்து என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். லீவு கிடைக்கவில்லை, நெட்டை என் கையெழுத்தையும் போட்டுவிட்டு என் டூட்டியையும் சேர்த்துப் பார்க்கிறாள், நாங்கள் இப்படி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதுதான் என்று சொன்னாய். என் உதட்டைப் பஞ்சால் நனைத்தாய். பதினோரு நாள் கழித்து, தையல் போட்ட இடம் இழுக்க இழுக்க மேசையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பினேன். இதை இதுவரை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவளைப் பற்றிய கடிதத்தைத் திருப்பிக் கேட்டு நீ எழுதிய ஏப்ரல் 6 கடிதத்தை மட்டும் அடுப்பில் போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். அதிகாரி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "இதுல எது பொய்?" என்றார். "மார்ச் மாசத்துதான் சார்" என்றேன். "உங்க தங்கச்சி அடுத்தவங்க மேல பழி போடுற ஆளா?" என்றார். "ஆமா சார், சின்ன வயசுலேர்ந்தே" என்றேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். போடுவதற்கு முன்னால் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன். இந்தத் தயக்கம் பிப்ரவரியில் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் உன் தோழியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் உடைந்திருக்கும். உன் கையெழுத்தைப் போட்டதே அவள். உன் மேல் அவளுக்கு இருக்கிற கோபத்துக்குச் சொல்லியிருக்கலாம். "அன்னிக்கு என் கூடத்தான் டூட்டில இருந்தா. மூணு மணிக்குச் சீட்டை எடுத்துக்கிட்டு ஸ்டோருக்குப் போனதை நானே பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். வக்கீல் சொன்னார்.

ஸ்டோர் பெண்ணைப் பத்து நிமிஷம் விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் உன் மேல் அரசு ஸ்டோரில் அத்துமீறி நுழைந்தது, பொய்ப் புகார், இரண்டும் கூடச் சேர்ந்துவிட்டது. வக்கீல் இரண்டு வருஷத்துக்குக் குறையாது என்கிறார். நீ கேட்டதை இந்தத் தடவை செய்துவிட்டேன் சின்னு. இதை வைத்தாவது என்னை ஒரு தடவை அண்ணா என்று எழுது.

அண்ணன்

*

மே 3

அண்ணா,

எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். இதுவும் அண்ணி கையில்தான் வருகிறது, படித்ததும் கிழித்துவிடு. உன் கடிதத்தைக் கிழித்து, அண்ணி பார்க்க, வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். அண்ணிக்கு இது எதுவுமே தெரியாது போலிருக்கிறது. எதிரே உட்கார்ந்து அழுதாள். உன்னைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

நெட்டை நேற்று வந்தாள். வாசலில் நான் காலில் விழாத குறையாக நின்றேன். "தள்ளு, உள்ள விடு" என்றாள். என் துணிகளை அவளே மடித்துப் பையில் வைத்தாள். "கனமான போர்வையா எடுத்துக்க, சிமென்ட் தரை சில்லுன்னு இருக்கும்" என்றாள். வார்டில் கத்தியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது மட்டும், "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்றாள்.  ஸ்டோர் அக்கா வரவில்லை. வரக் கூடாது என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

நீ எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டதைப் பெரிதாக எழுதியிருந்தாய். பெரிய காரியம்தான். ஒரு குழந்தைக்கு அதன் அம்மா மிஞ்சினாள், அதற்கு உனக்கு நன்றி சொல்கிறேன், மனசாரத்தான். ஆனால் பிப்ரவரியில் உன்னிடம் யாரும் பொய்கூடக் கேட்கவில்லை அண்ணா. பேனாவை மூடி வைத்திருந்தால் போதும். அன்று உண்மையை எழுதி என்னை மாட்டிவிட்டாய், இன்று பொய்யை எழுதி என்னை உள்ளே அனுப்புகிறாய். இரண்டு தடவையும் உள்ளே போகிறவள் நான்தான். இரண்டு தடவையும் சாயங்காலம் நீ உன் வீட்டுக்குத்தான் போனாய்.

நாளைக் காலை பத்து மணிக்கு கோர்ட்டில் ஆஜராக வேண்டும், அங்கிருந்தே ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்களாம். உள்ளே இருக்கும்போது பார்க்க வருகிறவர்கள் என்று இரண்டே பெயர் கொடுக்கலாம், பிறகு மாற்ற முடியாது என்றார்கள். நெட்டையின் பெயரையும் அண்ணியின் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

தங்கை